போன் வழியே போகாத மருந்து

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஊரடங்குச் செய்திகளின் நெரிசலில் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. மருத்துவர் தொலைபேசி, காணொளி, குறுஞ்செய்தி வழியாக நோயாளியைப் பார்த்து மருந்து எழுதித் தரலாம் என்று, இந்திய மருத்துவக் கவுன்சிலின் பொறுப்பை அப்போது ஏற்றிருந்த ஆளுநர் குழு நெறிமுறை வெளியிட்டது. போனில் மருந்து சொல்வது நம் ஊரில் புதிதில்லை. ஆனால், நேரில் பார்க்காமல் போனில் மருந்து சொன்ன ஒரு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2018இல் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்குப் பிறகு, நெடுநாள் பழகிய நோயாளிக்குக்கூடப் போனில் பதில் சொல்லப் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரே நாளில் முடிவு கட்டப்பட்டது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அன்று பஸ் ஓடவில்லை. கொடியில் பழுத்த பன்னீர் திராட்சையை வெட்டி ஏற்ற ஆளும் இல்லை, லாரியும் இல்லை. சின்னமனூரில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரியும். முதலில் ஊரிலுள்ள ஆஸ்பத்திரி. முடியாவிட்டால் தேனியைத் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கும் மேலே என்றால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி மதுரை. சாதாரணக் காய்ச்சலுக்கு இந்தத் தூரம் பெரிதில்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் என்ற நிலையிலுள்ள பிள்ளைக்கு இந்தத் தூரமே நோயின் ஒரு பகுதி. கொரோனா அந்தத் தூரத்தைக் கடக்கவே முடியாததாக்கியது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். ஜூன் கடைசியில் மதுரையும் தேனியும் மறுபடி முழு முடக்கத்துக்குள் போயின. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கொரோனா வார்டுகளால் நிரம்பின.

இங்கே பேசுவது ‘டைப் 1’ எனப்படும் முதல் வகை நீரிழிவைப் பற்றி. தாத்தாவுக்கும் மாமாவுக்கும் வரும் சர்க்கரையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் இது வருவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. பிறகு மாத்திரை பயன்படாது, பத்தியமும் பயன்படாது, ஊசி மட்டுமே. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகள் உலகெங்கும் சில மாதங்களில், அதிகம் போனால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள்.

தமிழ்நாட்டில் இது அபூர்வ நோயும் அல்ல. 1990களில் சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய கணக்கெடுப்பில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 10.5 பேருக்கு இந்நோய் புதிதாக வருவதாகத் தெரியவந்தது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 20 வயதுக்குட்பட்ட முதல் வகை நோயாளிகள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில்: சுமார் 2,29,400 பேர். அமெரிக்காவே இரண்டாம் இடம்தான். ஆனாலும் “சின்னப் பிள்ளைக்குச் சுகரா?” என்ற கேள்வி இன்னும் நின்றபாடில்லை. பெண் பிள்ளை என்றால் விஷயம் வீட்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. ‘நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா’ என்ற கவலையில் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல், அடுப்படியில் ஒதுங்கி ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் கண்ணில் படாமல், வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச முடிந்தது இவர்களுக்கு ஒரு சின்ன விடுதலை. தொலைமருத்துவத்தின் நன்மைகளை அடுக்குகிறவர்கள் இதைச் சொல்வது குறைவு.

ஊரடங்கு இந்தப் பிள்ளைகளை என்ன செய்தது? அரியானா மாநிலம் ரோத்தக் நகர அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 52 முதல் வகை நோயாளிகளை ஆராய்ந்து 2020இலேயே முடிவுகளை வெளியிட்டார்கள். ஊரடங்குக்கு முன் சராசரியாக 212 ஆக இருந்த ரத்தச் சர்க்கரை 277 ஆக ஏறியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.8 சதவீதத்திலிருந்து 10க்குப் போயிருந்தது. காரணம் கேட்டபோது, 26.9 சதவீதத்தினர் இன்சுலின் ஊசிகளைத் தவறவிட்டிருந்தார்கள், 36.5 சதவீதத்தினர் வீட்டில் சர்க்கரை பார்ப்பதையே தவறவிட்டிருந்தார்கள். சோம்பல் காரணமில்லை. பெரும்பாலும் இன்சுலின் கிடைக்கவில்லை, குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை. பத்தியம் கெட்டதால் வந்த சிக்கல் அதைவிடக் குறைவு, 17 சதவீதம்தான்.

இதற்கு நேரெதிரான முடிவும் வந்தது. புனேயில் வெவ்வேறு பொருளாதாரப் பின்னணியுள்ள 113 பிள்ளைகளையும் இளைஞர்களையும் ஆராய்ந்த குழு, ஊரடங்குக் காலத்தில் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை, சற்று மேம்பட்டே இருந்தது என்று கண்டது. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளிலும், தோலில் ஒட்டிய சென்சார் மூலம் இடைவிடாமல் சர்க்கரை பார்த்துவந்த நோயாளிகளிடம் இதே போக்கு தெரிந்தது. யோசித்தால் வியப்பில்லை. பள்ளிக்கூடம் இல்லை, அவசர அவசரமாகச் சாப்பிட்டு ஓட வேண்டியதில்லை, மதிய ஊசியைப் பள்ளிக் கழிவறையில் ஒளிந்து போட வேண்டியதில்லை, அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே இருந்தார்கள். ரோத்தக்கையும் புனேயையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. வீட்டில் அடைந்து கிடந்தது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய கேடாக இல்லை. இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் வராத வீட்டில் அடைந்து கிடந்ததுதான் கேடாயிற்று.

நோய் இருப்பதே தெரியாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஜெர்மனியில் 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 532 பிள்ளைகளில் 44.7 சதவீதத்தினர், ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு வாங்கும் நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். முந்தைய இரு ஆண்டுகளில் இது 24 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. கொரோனா பயத்தில் தாமதித்ததன் விலை அது. மருத்துவ வசதி நிறைந்த நாட்டிலேயே இப்படி. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வரும் பிள்ளையை ‘அஜீரணம்’ என்று எடுத்துக்கொள்வது எங்கும் நடக்கும். 2020இல் வேகமான மூச்சு என்றாலே முதலில் கொரோனாதான் நினைவுக்கு வந்தது.

நெறிமுறை வந்த மூன்றே வாரத்தில், ஏப்ரல் 13 அன்று, மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ வெளிநோயாளர் சேவை தொடங்கியது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடெங்கும் ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் முடிந்தபோது, அதில் தமிழகத்தின் பங்கு 32 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் ஊசி போடும் பிள்ளைக்கு அது எவ்வளவு உதவும்? டோக்கன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, அப்போது யார் இருக்கிறாரோ அந்த மருத்துவரிடம் பேச வேண்டும். சளிக்கும் சொறிக்கும் அது போதும். முதல் வகை நீரிழிவில் இரவு ஊசியில் ஒரு யூனிட் கூட்டுவதா குறைப்பதா என்பதை, போன வாரம் அந்தப் பிள்ளை விடியற்காலையில் சர்க்கரை இறங்கி ‘லோ’ ஆனது தெரிந்தவர்தான் சொல்ல முடியும். புது மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் முதல் பத்து நிமிடம் கதை கேட்பதிலேயே போய்விடும். ஆகவே அந்த மாதங்களில் உண்மையில் வேலை செய்தது பெரும்பாலும் வாட்ஸ்அப். பிள்ளையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவரின் எண். கோடு போட்ட நோட்டில் அம்மா எழுதிய காலை, மதியம், இரவு அளவுகளின் படம். “ராத்திரி ஊசியில ரெண்டு யூனிட் குறைங்கம்மா, மூணு நாள் பார்த்துட்டு மறுபடி அனுப்புங்க” என்ற ஒரு பதில். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இதில் இல்லை.

நெறிமுறையில் பிள்ளைகளைப் பற்றி ஒரு விதி உண்டு. 16 வயது அல்லது அதற்குக் குறைவான நோயாளியிடம் மருத்துவர் தொலைவிலிருந்து பேசும்போது உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதையும் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நியாயமான விதி. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெரியவர் காலையில் வாழைத்தோப்புக்கோ திராட்சைத் தோட்டத்துக்கோ வேலைக்குப் போனவர். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருந்தால் அதுவும் அவரோடு போயிருக்கும். அது வீடு திரும்பும்போது அண்ணனும் தங்கையும் ஆன்லைன் வகுப்புக்காகக் காத்திருப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. மருத்துவத்துக்கு அப்படி ஒரு தொலைக்காட்சி கிடையாது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டைத் தாண்டி மேகமலைக்கு ஏறினால், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. காணொளி ஆலோசனை என்ற சொல்லை அந்த மலையில் நின்று சொல்லிப் பார்த்தால் அதன் எல்லை புரிந்துவிடும்.

போனில் எது முடியும், எது முடியாது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம், ஏனென்றால் விவாதங்கள் பெரும்பாலும் ‘தொலைமருத்துவம் நல்லதா கெட்டதா’ என்ற பொத்தாம்பொதுக் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன.

அளவைக் கூட்டிக் குறைப்பது முடியும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்துப் பிள்ளை மயங்கப் பார்க்கும்போது என்ன செய்வதென்று சொல்லித்தர முடியும்: மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் நாட்களுக்கான பாடத்தையும் போனிலேயே நடத்தலாம். ‘சாப்பிடவில்லை, அதனால் ஊசி வேண்டாம்’ என்று வீட்டார் முடிவெடுப்பதுதான் மிக ஆபத்தான தவறு. காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படலாம். ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது, மூன்று நான்கு மணிக்கொருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், கீட்டோன் பட்டை இருந்தால் சிறுநீரில் தோய்த்துப் பார்க்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாகிறது, பிள்ளை துவண்டு போகிறது என்றால் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் போன் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்பவர்தான் நல்ல தொலைமருத்துவர்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலுக்கடியில் கட்டி விழும். அங்கே போடும் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. அதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். உயரம், எடை, கண் பின்திரை, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நேரில்தான்.

இவற்றுக்கு நடுவே, கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைக்கும் ஒரு சின்ன விஷயம் உண்டு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். குப்பிக்கு உரிய 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஊரடங்கு போன்ற தட்டுப்பாட்டு நேரத்தில் வழக்கமான மருந்து கிடைக்காமல், கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவரும் வீட்டில் இரண்டும் மாறிப் போகலாம். மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது இரண்டரை மடங்கு குறையும். “பத்து யூனிட் போட்டோம் சார்” என்று போனில் சொல்வதை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. “மூடி என்ன கலரும்மா?” என்று கேட்க வேண்டும். குப்பியையும் சிரிஞ்சையும் கேமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்ல வேண்டும். தொலைமருத்துவத்தில் காணொளி தவிர்க்க முடியாததாகும் இடம் எதுவென்றால், மருத்துவர் முகம் பார்ப்பதைவிட இதுதான்.

வைத்துக்கொள்வதும் ஒரு பாடம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், கரண்ட் போய்ப்போய் வரும் வீட்டிலும் இன்சுலினை மண்பானை ஈரத்தில் வைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மருத்துவர்களும் அதையே சொல்லித்தருகிறார்கள். கென்யாவின் அகதி முகாமில் நிலவும் வெப்பநிலையை மாதிரியாக வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் வைத்தாலும் நான்கு வாரத்துக்கு இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று அது காட்டியது. வெயிலடிக்கும் ஜன்னலோரம் வைக்காத வரை, மண்பானை வீட்டுத் தாய் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

இந்தப் பள்ளத்தாக்குக்குத் தொலைமருத்துவம் கொரோனாவோடு வந்த புதுச் சரக்கு இல்லை. பெருந்தொற்றுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே உலகம் திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி இங்கே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையிலிருந்து, சுற்றிலுமுள்ள ஊர்களின் சிறிய கண் சிகிச்சை மையங்களுக்கு நெடுந்தூர வை-ஃபை இணைப்பு கொடுக்கப்பட்டது. உயரமான கோபுரங்கள், ஒரே திசையில் அலையை வீசும் ஆண்டெனாக்கள். கருவியும் வழிமுறையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடையது. கிராமத்துப் பாட்டி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்து தேனியிலுள்ள கண் மருத்துவரிடம் திரையில் பேசினார். ஒரு மருத்துவமனையும் ஐந்து மையங்களுமாகத் தொடங்கிய அந்த முன்னோட்டம் வெற்றி பெற்றதால், ஐந்து மருத்துவமனைகளோடு 50 மையங்களை இணைக்கும் திட்டம் 2006 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

அது ஏன் வெற்றி பெற்றது என்பதுதான் இங்கே முக்கியம். திரையின் கிராமத்துப் பக்கம் காலியாக இல்லை. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் இருந்தார். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி இருந்தது. கண்ணாடியும் சொட்டு மருந்தும் அங்கேயே கிடைத்தன. மருத்துவர் தேனியிலிருந்து சொன்னதை அந்த இடத்திலேயே செய்து முடிக்க முடிந்தது. செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள சூணாம்பேட்டில் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2006இல் தொடங்கிய திட்டமும் இதையே சொல்கிறது. செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு வேன், 42 கிராமங்கள், பரிசோதிக்கப்பட்ட 23,449 பெரியவர்கள். கூடவே, கிராமத்திலேயே ஒரு நீரிழிவு மையம். ஓராண்டில் நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி 9.3இலிருந்து 8.5க்கு இறங்கியது, சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. இரண்டிலும் கம்பியில்லா இணைப்புக்குக் கிடைத்த பாராட்டு, கிராமத்து முனையில் நின்ற ஆளுக்கும் கருவிக்கும் மருந்துக்கும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

2020இல் ஊசி போடும் பிள்ளையின் வீட்டில் அந்த முனையில் யார் இருந்தார்? பயிற்சி பெறாத அம்மா. என்ன கருவி இருந்தது? குளுக்கோமீட்டர், பல வீடுகளில் ஸ்ட்ரிப் இல்லாமல்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். குழந்தைகள் நீரிழிவுக்கான பன்னாட்டு அமைப்பான இஸ்பாட், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பிள்ளைகள் நாளுக்கு 6 முதல் 10 முறை பார்க்க வேண்டும் என்கிறது. அதை விடுவோம். மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் என்று நான்கே முறை வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்ட்ரிப் சராசரியாக 20 ரூபாய் என்றால் நாளுக்கு 80 ரூபாய், மாதம் 2,400. 2020-21இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். அந்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு ஸ்ட்ரிப்புக்கே போய்விடும். அதுவும் ஆண்டில் நூறு நாள்தான் வேலை, சர்க்கரை பார்க்க வேண்டியதோ 365 நாள். இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சென்சார் அப்போது சுமார் 5,000 ரூபாய். அதைப் பற்றி இந்த வீடுகளில் பேசிப் பயனில்லை. தமிழக அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. இது பல மாநிலங்களில் இல்லாத நல்ல விஷயம். ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் குடும்பமேதான் வாங்குகிறது. ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் நோட்டில் எழுத எண் இல்லை. எண் இல்லாவிட்டால், உலகின் தலைசிறந்த மருத்துவரே போனில் வந்தாலும் “எப்படி இருக்கே?” என்று நலம் விசாரிக்கத்தான் முடியும்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள் தொண்டு அமைப்புகள். கோவையில் மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் நடத்தும் ‘இதயங்கள்’ அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் பரிசோதனைப் பொருள்களும் கொடுத்துவருகிறது. நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் குழந்தைகள் நீரிழிவுத் திட்டமும் இந்தியாவில் 2011 முதல் இயங்குகிறது. நல்ல காரியங்கள், ஆனால் நன்கொடை எங்கே போகிறதோ அங்கேதான் ஸ்ட்ரிப்பும் போகும். ஒரு பிள்ளையின் உயிர், பக்கத்தில் நல்ல மனசுள்ள மருத்துவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அமையக் கூடாது.

இதற்குக் கம்பத்திலிருந்து வெகுதூரம் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே சமூகப் பாதுகாப்பு மிஷன் 2018 முதல் ‘மிட்டாய்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆண்டு வருமானம் இரண்டு லட்ச ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் 18 வயதுக்குட்பட்ட முதல் வகைப் பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனா முதல், தேவைப்படுவோருக்கு சென்சாரும் பம்பும் வரை அரசு கொடுக்கிறது. சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் திட்டத்துக்கு மிட்டாய் என்று பெயர் வைத்த குறும்புக்காரர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சோதனைச்சாவடியின் இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு அது கிடையாது.

தமிழ்நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. ஊரடங்கின் தொடக்கத்திலேயே நீண்டகால நோயாளிகளுக்கு இரண்டு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே எண்ணத்தை நிலையான ஏற்பாடாக்கியது. ஊரிலேயே வசிக்கும் பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பைகள்கூட வீட்டுக்கே வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. கிராமத்து முனையில் ஆள் வேண்டும் என்று அரவிந்த் மையங்களும் சூணாம்பேடும் காட்டினவே, அந்த ஆள் இப்போது ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். ஆனால் திட்டம் மனதில் வைத்திருப்பது மாத்திரை சாப்பிடும் பெரியவரை. அதே தெருவில் ஊசி போடும் பத்து வயதுப் பிள்ளை அதன் கணக்கில் ஓரத்தில்கூட இல்லை. ஒரு மாவட்டத்தில் இந்தப் பிள்ளைகள் சில நூறு பேர்தான் இருப்பார்கள் என்பதே அவர்களுக்கு எதிராகப் போய்விடுகிறது. கூட்டம் சிறிதானால் குரலும் சிறிது.

2022 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முதல் வகை நீரிழிவுக்கென்றே முதன்முறையாகத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடையில் சாப்பிடவும் பள்ளிகள் அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. காகிதத்தில் எல்லாம் வந்துவிட்டது. செயலியையும் காணொளி மேடையையும் இன்னும் மெருகேற்றத்தான் இப்போது பணமும் கவனமும் போகின்றன. அவை பின்னால் வரட்டும்.

முதலில் செய்ய வேண்டியது மூன்று. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று மாறாத ஒரு மருத்துவரும் ஒரு போன் எண்ணும் வேண்டும். நோய் கண்டறிந்த வாரத்திலேயே தாய்க்கும் தந்தைக்கும் ஊசி, ‘லோ’, காய்ச்சல் நாட்கள் பற்றி முறையான பயிற்சி கொடுத்தே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தின் பையில், மாதம் 120 ஸ்ட்ரிப்பும் இன்சுலினும் சரியான நிற மூடியுள்ள சிரிஞ்சும் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மாவட்டத்தில் 300 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும், கடை விலையிலேயே ஸ்ட்ரிப்புக்கு ஆண்டுக்கு 86 லட்சம் ரூபாய்தான் ஆகும். அரசு மொத்தமாக வாங்கினால் அதைவிடக் குறையும். சின்னமனூர்ப் பக்கத்து வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அடுத்த முறை மனு கொடுக்கும்போது இந்தத் தொகையையும் சேர்த்து எழுதலாம்.